காற்று பார்க்கும் துணி

நீலக் கட்டம் போட்ட பழைய லுங்கியிலிருந்து கிழித்த, ஒரு முழ நீளத் துணி அது. திருவொற்றியூரில் எங்கள் சமுதாய வானொலி நடக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நட்ட மூங்கிலில் கட்டியிருந்தார்கள். நான் முதன்முதலாக அங்கே போன அன்று, யாரோ காயப்போட்டு மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அதை அவிழ்க்கப் போனேன். "ஐயே, அத்த தொடாத! அதான் எங்க வானிலை ஆபீசு" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அதுவரை எஃப்.எம். பெட்டிக்குள் மட்டுமே கேட்டிருந்த குரல். திரும்பிப் பார்த்தால், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு நிலையத்து அக்கா நின்றுகொண்டிருந்தார்.

அவர் என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். மீனவக் குடும்பம். காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுப் பழகிய தொண்டை. வானொலி தொடங்கியபோது மகளிர் குழுவின் சார்பில் பேச வந்தவர், ஒரு வருடத்திற்குள் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஆகிவிட்டார். நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறைகள், எதிரொலி வராமலிருக்கப் போர்வை அடித்த சுவர்கள், எட்டுப் பத்துக் கிலோமீட்டர் மட்டும் எட்டும் அலை. செய்தி வாசிக்க எங்களுக்கு உரிமம் கிடையாது. தண்ணீர், மின்சாரம், வானிலை, போக்குவரத்து என்று ஊருக்குத் தேவையானதைச் சொல்லலாம். "நாம இன்னா சேதி சொல்றவங்களா? விசாரிக்கிறவங்க" என்பார் அக்கா. அவருடைய காலை நிகழ்ச்சியின் பெயரே 'தெரு விசாரிப்பு'.

அதற்கென்று ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தார். பக்கத்திற்கு ஒரு தெரு. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரே ஒரு ஆளின் கைபேசி எண். அந்த ஆள் கவுன்சிலரோ சங்கத் தலைவரோ அல்ல. நாள் முழுவதும் அந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிற ஆள். இஸ்திரி போடுகிறவர், பூக்கட்டுகிறவர், பள்ளி வாசலில் இட்லி விற்கிற அம்மாள். காலையில் ஒவ்வொருவராக அழைத்து, "இன்னா கீது உன் தெருவுல?" என்று கேட்பார். அவர்கள் சொல்வது அப்படியே ஒலிபரப்பாகும். "லாரி வந்துச்சாம்" என்று யாராவது சொன்னால் உடனே வெட்டிவிடுவார். "வந்துச்சாமா, வந்துச்சா? நீ பாத்தியா? பாத்தவங்ககிட்ட போனைக் குடு." பார்த்தவர் குரலில்தான் எதுவும் போகவேண்டும். மாடித் துணியைப் பார்க்காமல் அவரே கூட, காற்று எந்தப் பக்கம் என்று சொன்னதில்லை.

நான் தெற்கத்திப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். யானைக்கவுனியில் என் கணவருக்கு மொத்த வியாபாரக் கடை. அதனால் அக்காவுக்கு நான் 'கடைக்காரம்மா'. வாரத்தில் இரண்டு நாள் முன்பகலில் பெற்றோருக்கான நிகழ்ச்சியை நேரலையில் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைப் பற்றிப் பயப்படாமல் இருப்பது எப்படி என்று, எப்போதும் பயந்துகொண்டே இருக்கும் நான், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தயங்கித் தயங்கி அக்காவிடம், ஒலிபரப்பில் மட்டுமாவது கொஞ்சம் நல்ல தமிழில் பேசலாமே என்றேன். என் மகள் வீட்டில் 'கீது' என்று பேச ஆரம்பித்திருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. அக்கா சிரித்தார். "ஏன், இதுல இன்னா கலீஜு கீது? நான் உன்னிய மாறி பேசுனா, இஸ்திரிக்காரரு ஆபீசர் கூப்டுறாருன்னு எந்திரிச்சு நின்னுடுவாரு. அப்பால வாயத் தொறப்பாரா?"

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு முன்பகலில் அது நடந்தது. நான் நேரலையில் இருந்தேன். மேசைமேல் வைத்திருந்த கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. மகளின் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு. ஏதோ ஒரு தொழிற்சாலையில் வாயு கசிகிறது, பள்ளியில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள் என்று ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தது. பாட்டை ஓடவிட்டு, பள்ளிக்கு அழைத்துப் பார்த்தேன். இணைப்பு கிடைக்கவில்லை. என் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. சிறு வயதிலிருந்தே மூச்சிளைப்பு உள்ளவள். பாட்டை நிறுத்திவிட்டு, மைக்கைத் திறந்து, "ஸ்கூல்ல பிள்ளைங்க மயங்கி விழுறாங்களாம், எல்லாரும் உடனே போய் உங்க பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்துடுங்க" என்று கத்தினேன். 'விழுறாங்களாம்' என்ற சொல் என் வாயிலிருந்தே வந்தது.

வெளி அறையிலிருந்து அக்கா ஓடிவந்தார். என்னைத் திட்டவில்லை. முதலில் ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே பார்த்தார். காலையில் கடல் பக்கம் ஆடிக்கொண்டிருந்த துணி இப்போது திரும்பி, மேற்கே அடித்துக்கொண்டிருந்தது. கடற்காற்று எழுந்துவிட்டது; தொழிற்சாலைகளிலிருந்து பார்த்தால் பள்ளி இருப்பதும் மேற்கேதான். அடுத்து நோட்டைப் புரட்டி இட்லி அம்மாளை நேரலையிலேயே அழைத்தார்.

"நீ பாக்கிறத மட்டும் சொல்லு. புள்ளைங்க எங்க கீது?"

"எல்லாம் கிளாசுக்குள்ள கீதுங்கக்கா. டீச்சருங்க ஜன்னலு கதவுல்லாம் சாத்திட்டாங்கோ. யாரும் மயங்கல. வெளிய ரோட்லதான் கண்ணத் தொறக்க முடில. நான் இங்க பக்கத்துக் கடைக்குள்ள பூந்துகினேன். இப்பதான் பேஜாரு, பெத்தவங்க வண்டில வந்து கேட்ட ஒடைக்கிறாங்கோ, தொறந்து வுடுன்னு."

கதவு திறந்தால் அத்தனை பிள்ளைகளும் அந்தக் காற்றுக்குள்தான் இறங்கவேண்டும். பெற்றவர்களை அங்கே வரச்சொன்னது நான். அக்கா மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"மாத்திச் சொல்லு."

"என்னால முடியாதுக்கா. நீங்க சொல்லுங்க. நான் போறேன், எம்பொண்ணு அங்க இருக்கா."

"உம்பொண்ணு அங்க கீறதாலதான் உன்னியச் சொல்லச் சொல்றேன். உன் கொரலக் கேட்டுதான் கெளம்புனாங்கோ. அந்தக் கொரலுதான் அவங்கள நிறுத்தணும். நான் சொன்னா, அவளுக்கு இன்னா, புள்ளயா குட்டியான்னு போய்கினே இருப்பாங்கோ."

அக்காவுக்குக் குழந்தைகள் இல்லை. அதை அவர் வாயால் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நான் சொன்னேன். முன்பு சொன்னதை நான் பார்க்கவில்லை, பயத்தில் சொல்லிவிட்டேன் என்றேன். என் மகளும் அந்தப் பள்ளியில்தான் இருக்கிறாள், நான் போகவில்லை, நீங்களும் கதவைத் திறக்கச் சொல்லாதீர்கள் என்றேன். ரோட்டில் இருப்பவர்கள் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு வாயு வரும் பாதையை விட்டு விலகிப் போங்கள் என்று அக்கா எழுதிக் காட்டியதைப் படித்தேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். நடுநடுவே அக்கா ஒவ்வொரு தெருவாக அழைத்து, "உன் மூக்குக்கு இன்னா தெரீது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இட்லி அம்மாள் ஒலிபரப்பைத் தன் கைபேசியில் உரக்க வைத்து, பக்கத்துக் கடைக்காரரின் ஒலிபெருக்கி மைக்கில் பிடித்திருக்கிறாள். வாசலில் கூட்டம் மெல்லக் கலைந்தது என்று அவளேதான் பார்த்துச் சொன்னாள். கசிவை அடைத்து, தீயணைப்புத் துறையினர் வந்து பிள்ளைகளை வெளியே விட மூன்று மணி நேரமானது. அந்த மூன்று மணி நேரமும் என் தோளில் அக்காவின் கை இருந்தது.

மகள் சிவந்த கண்களோடு வந்தாள். "இன்னாம்மா, ரேடியோல அழுதியாமே? என் மானமே போச்சு" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

என் பேச்சைக் கேட்டு முதலில் வண்டி எடுத்த ஒரு தகப்பனார் இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். அக்கா என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப்போனார். வழியெல்லாம் நான் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன். அந்த மனிதர் இருமிக்கொண்டே, "நீ கூவுன, நான் ஓடுனேன். நீயா இருந்தா ஓட மாட்டியா? குந்து, டீ சாப்டு" என்றார். திரும்பும்போது, இனி மைக் முன்னால் உட்காரமாட்டேன் என்று சொன்னேன். அக்கா நின்றுவிட்டார். "தப்பா சொன்னவங்க நெறய பேரு கீறாங்கோ கடைக்காரம்மா. அதே வாயால மாத்திச் சொன்னது நீ ஒருத்திதான். நாளிக்கு வந்து சேரு." அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

இப்போது அக்கா தம்பி வீட்டோடு மாத்தூரில் இருக்கிறார். முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. எங்கள் அலை அங்கே கரகரவென்றுதான் கேட்கிறது. தெரு நோட்டு என்னிடம் வந்துவிட்டது. காலையில் நான்தான் விசாரிக்கிறேன். என் தமிழைக் கேட்டு இஸ்திரிக்காரர் எழுந்து நிற்காமலிருக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

பயம் என்னைவிட்டுப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு வாடை இல்லாத நாள் குறைவு. போன வாரம் ஒரு காலையில் மாடிக்குப் போனபோது மூக்கில் ஏதோ சுருக்கென்றது. மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரம். கைபேசியை எடுத்து அவளைத் தடுக்கத்தான் விரல் போனது. அதற்குமுன் மூங்கிலைப் பார்த்தேன். போன மாதம் நான் மாற்றிக் கட்டிய துணி, என் கணவரின் லுங்கிதான், கடலைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. கீழே வந்து நோட்டைத் திறந்து ஆறு தெருக்களை அழைத்தேன். பின்தெருவில் குப்பை எரிகிறது என்று பூக்கட்டுகிறவர் பார்த்துச் சொன்னார். அதை அவர் குரலிலேயே ஒலிபரப்பிவிட்டு, காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது என்று அறிவித்தேன்.

மைக்கை அணைத்ததும் நிலையத் தொலைபேசி அடித்தது. மாத்தூரிலிருந்து.

"இன்னா கடைக்காரம்மா, துணியப் பாத்தியா, இல்ல போனப் பாத்துச் சொன்னியா?"

"துணியத்தான் பாத்தேன்க்கா" என்றேன்.