பூனைகள் கண்டுபிடித்த ஜாயிண்ட்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒருநாள் காலை ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் 'டக்கு டக்கு' என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்து நின்றது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் உப்பளக்காரர் மகன் வாங்கிய இரண்டு சீட் வண்டி. அதை ஓட்ட அவர் தொப்பி, கண்ணாடி, தோல் கையுறை எல்லாம் மாட்டிக்கொள்வார். தூத்துக்குடி வெயிலில் கையுறை! துடைப்பதும் தள்ளுவதும் டிரைவர் அந்தோணி. ஷெட்டில் விடும்போது மட்டும் அவன் கைக்கு ஸ்டியரிங் வரும்.

"இந்த அந்தோணி கிளச்சை வெடுக்குனு விட்டு உடைச்சுப்புட்டான். சாயங்காலம் அப்பா வாராங்க. அவங்க முன்னால நீங்களே சொல்லிருங்க" என்று என்னிடம் சொன்னார் அந்த மகன், சின்ன முதலாளி. நான் சொன்னால் அன்றே அந்தோணி சீட்டு கிழிந்துவிடும். அவன் சுவரோரம் நின்றான்.

என் முதலாளி என்னைத் தனியே இழுத்துப் போனார்.

"ஏலே, அவங்க உப்பு லாரி அத்தனையும் நம்மகிட்டதான் வருது. சின்னவரு சொன்னத அப்படியே சொல்லிரு."

"முதல்ல வண்டியப் பாக்கேன் அண்ணாச்சி."

"பாரு. பாத்துட்டு அதையே சொல்லு."

பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். வீல் பேரிங்கில் ஆட்டமில்லை. பின் ஆக்ஸிலின் பற்சக்கரமான கிரவுன் பினியனும் நன்றாக இருந்தது. இதற்குள் இரண்டு பூனைகள் வண்டிக்கடியில் வந்துவிட்டன. விரட்ட விரட்டத் திரும்பி வந்து, வண்டியின் நடுவில் ஒரே இடத்தில் தரையை நக்கின. அதற்கு நேர் மேலே, எஞ்சினின் சுற்றைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயிண்ட். ஷாஃப்ட்டைப் பிடித்துத் திருகினேன். 'டக்' என்றது. கழற்றினால் பேரிங் ஊசிகள் பிசின் பிடித்துத் துருவேறிக் கிடந்தன. அந்த ஊசிகள் உருளும் சிலுவைத் துண்டான கிராஸில் வரிவரியாகப் பள்ளம். நாற்றம் மூக்கைத் துளைத்தது.

சாயங்காலம் பெரியவர் வந்தார். "என்ன கோளாறு? டிரைவர்தானா?"

என் முதலாளி என் காலை மிதித்தார். எனக்குப் பயமும் இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஊசிகள் இருந்த பேரிங் கப்பைப் பெரியவர் கையில் வைத்தேன். சொந்தத் தோணி வைத்திருந்தவர். மோந்ததுமே முகம் மாறியது.

"இது தோணிக்குப் பூசுத மீன் எண்ணெய்லா! இத எவம்லே காருக்கு ஊத்தினது?"

சின்ன முதலாளி கையுறையைக் கழற்றினார்; அதிலும் அதே நாற்றம். "கிரீஸ் எங்கயும் கிடைக்கலப்பா. கடல்ல கிடக்க தோணிக்கே தாங்குது, காருக்குத் தாங்காதான்னு நாந்தான்... அந்தோணி வேண்டாம்னுதான் சொன்னான்."

பெரியவர் மகனை ஒன்றும் சொல்லவில்லை. "சரி அந்தோணி, நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றார், என்னவோ பெரிய மனது பண்ணுவதுபோல.

பழைய லாரி ஒன்றிலிருந்து பொருத்தமான ஊசிகளைப் பொறுக்கிப் போட்டேன். பள்ளம் விழுந்த பக்கத்தில் பாரம் விழாதபடி கிராஸைக் கால் சுற்றுத் திருப்பிப் பூட்டி, எங்களிடம் மிச்சமிருந்த நல்ல கிரீஸை அடைத்தேன். சத்தம் நின்றது. உப்பு லாரிகளும் வழக்கம்போல எங்களிடமே வந்தன.

வண்டி எடுக்க வந்த அன்று சின்ன முதலாளி தாராளமாகச் சொன்னார்: "ஏறுலே அந்தோணி, இன்னைக்கு நீயே ஓட்டு."

அந்தோணி சாவியை பானட்மேல் வைத்தான். "நான் ஹார்பர் லாரிக்குப் போறேன் முதலாளி. இனி எது உடைஞ்சாலும் பழி போட அங்கன ரெண்டு பூனை நிக்கி."

ரிப்பேர் வண்டியோடு ஒரு குற்றவாளியையும் சேர்த்துக் கூட்டிவருபவர்கள் பிறகும் வந்தார்கள். நான் ஜாக்கியை எடுக்குமுன் கூட்டிவந்தவர் கையைப் பார்ப்பேன். கையுறை போட்டிருந்தால் இன்னும் கிட்டப் போய் மோந்து பார்ப்பேன்.