பாடம் முடியும்வரை

தெரணியகலைக்கு மேலே உள்ள அந்த ரப்பர் தோட்டத்திலிருந்து ஆசிரியர் கலாசாலைக்குப் போன முதல் ஆள் சீதாலட்சுமி. அவளுடைய அண்ணன் அழகமுத்து ஐந்தாம் வகுப்போடு பால்வெட்டுக்குப் போனவன். எழுபத்து நான்காம் ஆண்டு, கற்பித்தல் பயிற்சிக்கு அவளுக்குத் தோட்டத்தின் இரண்டு பிரிவுகளில் மலைமேல் இருந்த மேற்கணக்கின் பள்ளிக்கூடமே கிடைத்தது; அவர்கள் வீடு கீழ்க்கணக்கில். பாடத்துக்கான படங்களை அட்டையில் ஒட்டும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். பாணுக்கான கோதுமை மாவே கிடைக்காத காலம், பசைக்கு எங்கே போவது? ரப்பர் பாலை வடிகட்டிச் சிரட்டையில் கொண்டுவந்து, நூல் பிடித்துப் பார்த்து ஒட்டினான்.

"இம்புட்டு நேரா ஒட்டணுமாண்ணே? புள்ளைங்க பாக்கவா போவுதுங்க?"

"புள்ளைங்க பாக்காது. பாடம் பாக்க வர்ற சேரு பாப்பாரு."

படுக்கையில் கிடந்த அப்பா நாகலிங்கம் இருமலுக்கு நடுவே சிரித்தார். "நம்ம கூரத் தகரத்த இவன் இப்புடி நேரா அடிச்சிருந்தா எம்மேல மழ ஒழுகியிருக்காது."

பாடத்தைப் பார்க்க விரிவுரையாளர் புவாட் ஒரே ஒரு நாள்தான் வருவார். அன்று வகுப்பில் பிள்ளைகள் இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போய்விடும். முந்தின நாள் அழகமுத்து அட்டைகளைச் சுமந்துபோய்த் தங்கச்சியை இரவு தங்கத் தலைமையாசிரியர் வீட்டில் விட்டான். பிறகு மேற்கணக்குத் தொழிலாளர் லயங்களில் காம்பரா காம்பராவாக, ஒவ்வொரு குடும்பத்தின் வாசலிலும் ஏறி இறங்கினான்.

"நாளைக்குப் புள்ளைங்கள மறிச்சு வச்சிராதீங்க அக்கா. மூஞ்சி கழுவி அனுப்புங்க."

"ஏன், பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"அதுக்கும் மேல."

மறுநாள் விடியும்போது அப்பா போய்விட்டார்.

அம்மா அன்னலட்சுமி ஓலமிட வாய் திறந்ததும் அவன் உள்ளங்கையால் பொத்தினான். அழுகை பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டால் அடுத்தது சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம்தான். அது மலையேறி மேற்கணக்கிலும் கேட்டால் இரண்டு கணக்கிலும் வேலை நிற்கும், பள்ளிக்கூடமும் கலைந்துவிடும். சாவு வீட்டுக்குப் போகாத பிள்ளை அங்கே கிடையாது.

"சீதா பாடம் முடியட்டும்மா. அதுவரைக்கும்."

"ஒன்னயப் பெத்த அப்பன்டா."

"அவரும் இதத்தான் சொல்லியிருப்பாரு." அப்படிச் சொல்லியிருப்பாரா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்குப் போகிற வழியில் அடுத்த காம்பராக்காரர் கதவருகே நின்று கேட்டார்.

"நாகலிங்கம் அண்ணனுக்கு இப்ப எப்புடி?"

"தூங்குறாரு," என்றான் அழகமுத்து, கதவைத் திறக்காமலே.

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அம்மாவை உடலோடு விட்டுவிட்டு மேலே ஏறினான். பாதையில் புவாட் சேர் இறங்கி வந்துகொண்டிருந்தார். யாரென்று விசாரித்துவிட்டு, "தங்கச்சி நல்லாப் படிச்சுக் குடுத்தாங்க. யோசிக்காதீங்க," என்றார். அவன் கைகூப்பினான்.

சீதா அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது, மறுகணமே மாறியது.

"வேலைக்குப் போகலியாண்ணே?"

"அப்பா போயிட்டாரும்மா."

"எப்ப?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். "விடியக்காலம்," என்றான்.

"அம்மா அழுதாங்களா?"

"இல்ல. நான் விடல."

அட்டைகளை மேசையிலேயே போட்டுவிட்டு அவள் அவனுக்கு முன்னால் இறங்கி ஓடினாள்.

சீதா தேறினாள், டீச்சரானாள். கஹவத்தைப் பக்கம் நியமனம் கிடைத்ததை அவன் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அன்றைக்கு அந்தப் பாடம் எப்படி நடந்தது என்று மட்டும் அவள் அவனிடம் சொன்னதேயில்லை. அவனும் கேட்கவில்லை.