ஞானஸ்நானப் புத்தகத்தில் விடுபட்ட பெயர்கள்

ராயப்பனின் புகார்

விபூதிப் புதனுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. காலைப் பூசை முடிந்து பங்குசாமி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் தவசுக்காலத்துக்கான சிலுவைப்பாதை அட்டவணையை எழுதிக்கொண்டிருந்தேன். எந்த வெள்ளிக்கிழமை எந்த ஊர் என்று. அப்போது ராயப்பன் பங்குசாமி குடியிருந்த பங்களா வராந்தாவில் வந்து நின்றார். விளாங்குடிப் பக்கம் ஒரு பஞ்சாலையில் அவர் லோடு மேஸ்திரி. குரலை உயர்த்தாமல் பேசக்கூடியவர்.

"சாமி, மாப்பிள்ளைப் பையன் பேரு ஞானஸ்நானப் புத்தகத்துலயே இல்லையாம்ல. அப்புறம் எப்படி ஓலை வாசிச்சீக?"

பங்குசாமி என்னைப் பார்த்தார். நான் அட்டவணையைப் பார்த்தேன்.

இது எண்பதாம் ஆண்டுவாக்கில் நடந்தது. திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய எங்கள் பங்கில் நான் சாமியாருக்கு உதவியாக, உபதேசியாராகச் சேர்ந்து அப்போது இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்னிடம் அனுபவம் கேட்கிறீர்கள். நல்லபடியாக முடிந்தவற்றைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கெடுத்த ஒன்றைச் சொல்கிறேன்.

ராயப்பனின் தங்கை மகள் செலின். அவளுக்கும் ஆரோக்கியம் என்ற பையனுக்கும் வருகிற திங்கட்கிழமை எங்கள் கோயிலில் கல்யாணம். ஆரோக்கியம் ஒரு பட்டறையில் ஃபிட்டர். நான்கு வருடம் முன்புதான் தாயும் மகனுமாகச் சமயநல்லூருக்குக் குடிவந்தவர்கள். தாய் பெயர் சவேரியம்மா. கணவர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து இறந்துபோனார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் பெயர்களைச் சொல்லி, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்போம். அதைத்தான் ஓலை வாசிப்பது என்கிறோம். இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவது வருகிற ஞாயிறு. அது தவறினால் தவசுக்காலம் தொடங்கிவிடும். பாஸ்கு, அதாவது ஈஸ்டர், முடியும்வரை எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது.

ஆறு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். செலினைத் தன் மகனுக்குக் கட்ட ராயப்பன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். செலினின் அப்பா அதே ஆலையில் ராயப்பனுக்குக் கீழே மூட்டை தூக்குகிறவர். மகள் பிடிவாதமாக இருந்ததால்தான் அவர் இதுவரை தாக்குப்பிடித்தார்.

பையன் பிறந்தது எங்கள் பங்கில்தான் என்று சவேரியம்மா சொன்னதால் வேறு ஊரிலிருந்து சர்டிபிகேட் வாங்கத் தேவையில்லை, எங்கள் புத்தகத்தைப் பார்த்து நானே எழுதிவிடலாம் என்று இருந்தேன். இரண்டாவது ஓலை முடிந்த மறுநாள்தான் ரிஜிஸ்டரை எடுத்தேன். அவன் பிறந்த வருடம், முந்தின வருடம், பிந்தின வருடம் மூன்றையும் புரட்டினேன். இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று சாயங்காலம் டீக்கடையில் செலினின் அப்பாவைப் பார்த்தபோது, பையன் பேரைக் காணோமே என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஆலைக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள்.

ஒரு சொல் போன தூரம்

இரண்டு நாளில் அந்தப் பேச்சு ஆனையூர்வரை போய்த் திரும்பியது. திரும்பி வரும்போது வேறு உருவம் எடுத்திருந்தது. பையனுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று கிளம்பியது, அப்பன் பெயர் தெரிந்தால்தானே சாமியார் எழுதுவார் என்று ஆகிவிட்டது. ராயப்பன் அப்படிச் சொன்னாரா, வேறு யாரும் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. கணவனை இழந்து, சொந்த பந்தம் இல்லாத ஊரில், தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கிப் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தலையில் அந்தப் பேச்சு விழுந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சவேரியம்மா வந்தார். பங்குசாமி ஆயரின் மேற்றிராசன அலுவலகத்துக்குப் போயிருந்தார். ஆபீஸ் அறையில் நான் மட்டும்தான். அவர் உட்காரவில்லை. இன்னொரு தடவை புத்தகத்தைப் பாருங்கள் என்று கேட்டார். மூன்று தடவை பார்த்துவிட்டேன் என்றேன். எந்தச் சாமி ஞானஸ்நானம் கொடுத்தார், ஞானத்தகப்பன் யார், ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி யாரும் குடுக்கல. நீங்கதான் ஊத்துனீக. மறந்துட்டீகளா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். சமயநல்லூர் கேங் குவார்ட்டர்ஸ். ஐப்பசி மழை. பிள்ளை பிறந்து அழவில்லை, உடம்பு நீலம் பாரித்திருந்தது. யாரோ ஓடிவந்து கூப்பிட, நான் நனைந்துகொண்டே சைக்கிளில் வந்தேன். ஒரு அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர் கேட்டேன்.

கிண்ணம் என்றதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கிண்ணத்தின் விளிம்பு நசுங்கியிருந்தது. தண்ணீர் நேராக விழாமல் என் மணிக்கட்டில் வழிந்தது.

சாகிற நிலையில் இருக்கும் குழந்தைக்குச் சாமியார் வர நேரமில்லை என்றால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். உங்களுக்கு இது தெரியும். கொடுத்த பிறகு பங்குசாமியிடம் சொல்லி, சாட்சிகளோடு ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். குழந்தை பிழைத்தால் கோயிலுக்குக் கொண்டுவந்து மீதிச் சடங்குகளைச் செய்ய வேண்டும். அன்று நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விடிந்தால் அடக்கத்துக்குக் கூப்பிடுவார்கள், அப்போது சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது. அந்த வாரமே அவர் கணவருக்கு மானாமதுரைப் பக்கம் மாற்றல். போகிற ஊரில் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் விட்டுவிட்டேன். உபதேசியார் எழுதியிருப்பார் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த ஊர்ச் சாமி தாயின் சொல்லை நம்பிப் பையனுக்கு நற்கருணை கொடுத்துவிட்டார்.

சவேரியம்மா கோபப்படவில்லை. திங்கட்கிழமைக்குள் சரிசெய்ய முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியும் என்று சொல்லி அனுப்பினேன்.

காலி இடம்

அவர் போனதும் நான் செய்ததை இதுவரை ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருடத்து ரிஜிஸ்டரை எடுத்தேன். ஐப்பசி மாதப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. அந்தக் காலத்துச் சாமி பக்கத்தின் அடியில் எழுதமாட்டார், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், அவரைப் பார்த்து எழுதிப் பழகியவன் நான். பேனாவைத் திறந்தேன். எழுதிவிட்டால், சரியாகப் பார்க்கவில்லை, இருந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். பையனுக்குக் கல்யாணம் நடக்கும். அந்தம்மாவின் மானம் திரும்பும். என் பெயரும் கெடாது. எல்லோருக்கும் நல்லதுதானே என்று தோன்றியது.

வரிசை எண் போட வேண்டிய கட்டத்தில் கை நின்றது. மேலே இருந்த எண்ணுக்கும் அடுத்த பக்க எண்ணுக்கும் நடுவில் எண்ணே இல்லை. அந்தப் பக்கத்தில் ஆரோக்கியத்துக்கு இடம் கிடையாது. நேர்மை வந்து கையைப் பிடித்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். என்னைத் தடுத்தது அந்த எண். பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் வெட்கம் வந்தது.

மூன்று மணிக்குப் பங்குசாமி வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேனாவைத் திறந்ததையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றியவனே நேரில் நின்று சாட்சி சொன்னால் போதும், பிறகு முறைப்படி பதியலாம் என்று விளக்கினார். கல்யாணத்துக்குத் தடை இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

"அது புத்தகத்துக்குச் சரி. அந்தம்மாவைப் பத்தி ஊர் பேசுனதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

டீக்கடையில் பேசியவர்களிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். பேச்சு டீக்கடையோடு நிற்கவில்லையே என்றார்.

மூன்றாவது ஓலை

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் பங்குசாமி மூன்றாவது ஓலையை வாசித்தார். வாசித்துவிட்டு, உபதேசியார் பேசுவார் என்று சொல்லி ஒதுங்கி நின்றார்.

எத்தனையோ ஞாயிறு அந்த இடத்தில் நின்று செபம் சொல்லியிருக்கிறேன். அன்று முதலில் அந்தம்மாவைத் தேடினேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் சவேரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தூண் ஓரம் ராயப்பன். நான் நீட்டாமல் சொன்னேன். இந்தப் பையனுக்கு அவன் பிறந்த அன்றே, அவன் தகப்பனும் தாயும் பக்கத்தில் இருக்க, நான்தான் ஞானஸ்நானம் கொடுத்தேன். பதிய வேண்டியதும் நான்தான். பதியவில்லை. பேரைக் காணோம் என்று கடையில் பேசியதும் நான்தான். அதனால் ஒரு தாய் கேட்கக் கூடாத பேச்சைக் கேட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

சவேரியம்மா தலையை நிமிர்த்தவில்லை. ராயப்பன் பூசை முடியும்முன் எழுந்து வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. தவசுக்காலம் வருவதால் அதுதான் கடைசிக் கறிவிருந்து. ராயப்பன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அடுத்த மாதமே செலினின் அப்பா வேறு ஆலைக்கு மாற வேண்டியதாயிற்று. அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

பந்தியில் சவேரியம்மாவிடம் போனேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. இலைக்குச் சோறு வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஊரு முன்னாடி சொன்னீக, சரி. அன்னைக்கே எழுதியிருந்தா சொல்லவே வேணாம்ல, உபதேசியாரே."

நான் பந்தியில் உட்கார்ந்தேன். என் இலையில் சோறு வைத்தார்.

அந்தத் தவசுக்காலம்

விபூதிப் புதன் காலையில் பங்குசாமி என் நெற்றியில் சாம்பல் பூசினார். பூசை முடிந்ததும் கூப்பிட்டார்.

"இந்த மாதிரி எத்தனை பிள்ளைகளுக்கு ஊத்தியிருப்பீங்க?"

எண்ணிப் பார்த்தேன். இருபதுக்கு மேல் இருக்கும். எல்லோரையும் எழுதினீர்களா என்று கேட்டார். பிழைத்த பிள்ளைகளை எழுதினேன், ஆரோக்கியத்தைத் தவிர. இறந்த பிள்ளைகளில் சிலரை எழுதவில்லை. ஆரம்பத்து வருடங்களில், போன பிள்ளைக்குச் சர்டிபிகேட் யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். பாஸ்குவுக்குள் அவர்களைத் தேடி எழுதிவிடுங்கள் என்றார். எனக்கு அவர் விதித்த தவசு அதுதான்.

ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்துகொண்டு சைக்கிளில் கிளம்பினேன். அறுப்பு முடிந்து வயல்கள் அரிதாளாகக் கிடந்த நேரம். பத்து மணிக்கே ரோடு சுட்டது. சில வீடுகள் இடம் மாறியிருந்தன. சில தாய்மார் இறந்திருந்தார்கள். ஒரு வீட்டில், பழசை ஏன் கிளறுகிறீர்கள் என்று என்னை உள்ளே விடவில்லை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

நான்காவது வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்காகப் போன கிளைக்கிராமத்தில் அன்னம்மாவைப் பார்த்தேன். களையெடுக்கப் போகிறவர். ஐம்பது வயது இருக்கும். பதினெட்டு வருடம் முன்பு அவருக்குப் பிறந்த ஒரு பெண்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். பிள்ளை ஒரு மணி நேரம்கூட உயிரோடு இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு நாலு பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். இவருக்கு ஞாபகம் இருக்குமோ என்ற தயக்கத்தோடுதான் பேச்சை எடுத்தேன். அவசரத்தில் அந்தப் பிள்ளைக்கு நான் பெயரே வைக்கவில்லை, இப்போது ரிஜிஸ்டரில் ஏற்றவேண்டும், என்ன பெயர் எழுதலாம் என்று கேட்டேன். யோசித்துச் சொல்லட்டும் என்று நோட்டைப் பிரிக்காமல் நின்றேன்.

"மதலேன்," என்றார் உடனே. "அப்பவே வச்சிருந்தேன். யாரும் கேக்கல."

நோட்டில் எழுதினேன். சரியாக எழுதிவிட்டேனா என்று வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் அவரே பங்களாவுக்கு வந்தார். கூலிக்குப் போகாமல், வெளுத்த சேலை கட்டி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். புத்தகத்தைப் பார்க்கவேண்டும் என்றார். விடுபட்ட பிள்ளைகளை வரிசையாக ஏற்றி, பங்குசாமி கையெழுத்துப் போட்ட பக்கத்தை விரித்து, மதலேன், தாய் அன்னம்மா என்ற வரியைக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. வரி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கேட்டு, விரலை வைத்து மெதுவாக அந்த நீளத்தைத் தடவினார். மேலேயும் கீழேயும் இருப்பவர்கள் யார் என்று கேட்டார். மேலே ஆனையூர்ப் பிள்ளை, கீழே விளாங்குடிப் பிள்ளை என்றேன். நல்லது, தனியாக இல்லை என்று சொல்லிவிட்டு முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டார், மை ஒட்டியிருக்குமோ என்று.

பதிவு என்பது பின்னால் சர்டிபிகேட் கொடுப்பதற்கு என்று நான் இருபத்தைந்து வருடம் நினைத்திருந்தேன். இப்போது வேலைக்கு வருகிறவர்களிடம் இரண்டு காரியம் சொல்கிறேன். தண்ணீர் ஊற்றிய ஈரம் காய்வதற்குள் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் தாயிடம் பெயரைக் கேளுங்கள்.