எட்டாதவர்

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலிலிருந்து சனிக்கிழமைதோறும் பந்தோடு பஸ் ஏறி எங்கள் கரிசல் ஊருக்கு வருவார் ஒரு மிஷன்காரர். ‘வாலிபால் பிரதர்’ என்போம். குள்ளமான ஆள், எவ்வளவு எம்பினாலும் நெட்டுக்கு மேல் விரல்நுனி வராது. ஆனால் அவர் தூக்கிக் கொடுக்கும் பந்தை அடிக்க எங்களுக்குள் சண்டையே நடக்கும். ஆட்டத்துக்கு முன்னால் பந்தின் மேல் கைவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் அவர் பையிலிருந்து ஒரு ஜெப அட்டை விழுந்தது. ‘சுவிசேஷம் எட்டாத மக்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே எங்கள் ஊர்ப் பெயர். எனக்குச் சுருக்கென்றது.

“நெட்டே ஒமக்கு எட்டல. எங்களப் போயி எட்டாதவங்கன்னு எழுதி வச்சிருக்கீரு?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

“சரிதான் தம்பி. ஊர் பேரச் சொல்லியே ஜெபிச்சிட்டேன், ஆளு பேரக் கேக்கல. ஒங்க பேரு என்ன?”

“அதுவும் ஒமக்கு எட்டாது வே.”

தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். பந்தை எங்களிடமே விட்டுவிட்டார். பிறகு வரவே இல்லை.

அந்தப் பந்து கிழியும்வரை ஆடினோம். வெகுநாள் கழித்து, மன்னிப்புக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள’ என்று எழுதிய பிறகுதான், அவர் பெயரை நாங்கள் யாருமே கேட்டதில்லை என்பது உறைத்தது.