குமிழி மேடத்துக்குக் கிடைத்த கேடயம்

மின்வேதியியலாளர் சங்கத்தில் எல்லாரும் அவரைக் குமிழி மேடம் என்றுதான் சொல்வார்கள். தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஹைட்ரஜனைப் பிரித்தெடுப்பது அவருடைய ஆராய்ச்சி. கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு கறுப்புத் தகட்டிலிருந்து குமிழிகள் கிளம்புவதை நாள் முழுக்க அலுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் கணவர், "சோடா கம்பெனி மாதிரிதான், ஆனா குடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார்.

சங்கம் வெளியிலிருந்து பார்க்க ஒன்று. உள்ளே பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள். பேட்டரிக்காரர்களின் காட்டில் மழை, ஆகவே ஆண்டு மாநாட்டில் ஏசி வைத்த பெரிய அரங்கம் அவர்களுக்கு. துரு ஆராய்கிறவர்களுக்குச் சமையலறையை ஒட்டிய அறை. இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று அவர்கள் விளக்கும்போது பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். குமிழிக்காரர்களுக்கு எந்த அறை என்பது அன்று காலையில்தான் தெரியும். ஒரு கூட்டம் பேசுவதை இன்னொரு கூட்டம் காதில் போட்டுக்கொள்ளாது. சாப்பாட்டு வரிசையில் மட்டும் எல்லாரும் ஒரே சங்கம்.

குமிழிக்காரர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. ஹைட்ரஜனை எளிதாகப் பிரித்துத் தரும் வினையூக்கிகளில் பிளாட்டினத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அது யானை விலை. ஆகவே அதற்கு ஒரு மலிவான மாற்றைக் கண்டுபிடிக்க ஆளாளுக்குப் புறப்பட்டார்கள். ஒருவர் வாழைப்பழத் தோலைக் கருக்கினார், ஒருவர் முட்டை ஓட்டைப் பொடித்தார், முடிதிருத்தும் கடையில் போய் முடியை மூட்டை கட்டிக்கொண்டு வந்தவரும் உண்டு. குப்பைத்தொட்டியில் கை விடாத விஞ்ஞானி சங்கத்தில் இல்லை என்ற நிலைமை வந்தது.

குமிழி மேடம் தேர்ந்தெடுத்தது காபிச் சக்கை. அவருடைய மாமியார் காபி போடுவதற்குக் காரணமே தேடாதவர்; மழை பெய்தாலும் காபி, நின்றாலும் காபி. சக்கைக்குப் பஞ்சமில்லை. அதை உலையில் கருக்கித் தகட்டில் பூசி அமிலத்தில் இறக்கினார். மற்றவர்களின் சரக்கெல்லாம் மின்சாரம் ஓட ஓடக் களைத்துப் போகும். இதுவோ ஓட ஓடத் தெம்பானது. முதல் நாள் சோம்பேறியாக இருந்த தகடு, வாரக் கடைசியில் பிளாட்டினத்துக்கே சவால் விட்டது.

கட்டுரை வெளியானது. செய்தித்தாளில் படமும் வந்தது. மாமியார் சொந்தக்காரர்களை ஒருவர் விடாமல் போனில் பிடித்து, காபி தன் கைப்பக்குவம் என்பதைத் தெளிவுபடுத்தினார். சங்கத்தின் செயலாளர், அந்த ஆண்டின் சிறந்த ஆய்வாளர் விருது குமிழி மேடத்துக்குத்தான் என்று அறிவித்தார்.

விருது விழா நெருங்கியபோதுதான் கம்பி காணாமல் போனது.

குடுவைக்குள் இரண்டு மின்முனைகள் வேண்டும். ஒன்றில் காபிக்கரி. எதிரே, மின்சாரம் சுற்றி வருவதற்காக ஒரு பிளாட்டினக் கம்பி. அப்படி வைப்பது காலங்காலமான வழக்கம், அதனால் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. பக்கத்து ஆய்வகத்தில் சென்சார் செய்துகொண்டிருந்த உணரிக்காரர் அந்தக் கம்பியை ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துப் போய்விட்டார். குமிழி மேடம் அவரிடம் போய் நாலு வார்த்தை சூடாகக் கேட்டார். கம்பி திரும்பி வருகிற வழியாக இல்லை. வேலை நிற்க வேண்டாமே என்று எதிரே ஒரு கிராஃபைட் குச்சியைச் செருகிவிட்டுப் புதுத் தகடு ஒன்றை ஓட்டினார்.

காபிக்கரி படுத்துவிட்டது. ஓட ஓடத் தெம்பும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ஒயரைக் கழற்றி மாட்டினார். அமிலத்தை மாற்றினார். வீட்டுக்கு வந்து, காபித்தூளை மாற்றினீர்களா என்று மாமியாரைக் கேட்டு அவருடைய பொல்லாப்பையும் தேடிக்கொண்டார். மறுநாள் பழைய வெற்றித் தகட்டை எடுத்து, எதில் என்ன உலோகம் இருக்கிறது என்று காட்டும் கருவிக்குள் வைத்துப் பரிசோதித்தபோது விஷயம் புட்டுப் புட்டு வைத்தாற்போல் வெளிவந்தது. எதிரே இருந்த கம்பி அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இந்தப் பக்கம் வந்து கரியின்மேல் முலாமாகப் படிந்திருந்தது. பிளாட்டினமே தேவையில்லை என்று ஊருக்கெல்லாம் அறிவித்த தகட்டில் வேலை செய்ததெல்லாம் பிளாட்டினம்தான்.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு செய்தித்தாள் படம் நினைவுக்கு வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதிவிட்டுச் செயலாளரிடம் ஓடினார்.

செயலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "மேடம், பேனர் அடிச்சாச்சு" என்றார்.

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி சார் வாங்கறது?"

"தப்புன்னு நீங்க சொல்றீங்க. நடுவர் குழு சரின்னு கையெழுத்தே போட்டிருக்கு. ஒரு குழு பெருசா, ஒருத்தர் பெருசா?"

கருவி சொல்கிறதே என்று குமிழி மேடம் இழுத்தார். கருவி சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்றார் செயலாளர். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். விருதுரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துவிடலாம். அப்போது என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், அரங்கத்தில் விழித்திருப்பவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

வீட்டில் மாமியாரிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ என் காபில சக்தி இல்லேங்கிற" என்றார்.

"காபி நல்லாத்தான் இருக்கு அத்தை. அது குடிக்கறதுக்கு."

"போன் பண்ணி எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. இப்போ நான் எந்த முகத்தோட கல்யாணம் காட்சிக்குப் போவேன்?"

அன்று வீட்டில் யாருக்கும் காபி இல்லை.

விழா நாளில் தங்கமுலாம் பூசிய கேடயத்தைத் தலைவர் கொடுத்தார். முலாம் கலையில் கரைகண்டவர்கள் நிரம்பிய அந்த அவையில், கேடயத்தின் ஓரம் அப்போதே உரிந்து பித்தளை தெரிந்தது. குமிழி மேடம் அதை மேசையில் வைத்துவிட்டு, தன் கண்டுபிடிப்பு எப்படிக் கண்டுபிடிப்பே இல்லாமல் போனது என்பதைப் படங்களோடு விளக்கினார். முதலில் தாளைப் பார்த்தே படித்தார். போகப் போக, இது நல்ல சோதனை என்ற எண்ணம் வந்து தாளை மடித்து வைத்தார். எதிரே பிளாட்டினத்தை வைத்துக்கொண்டு பிளாட்டினத்துக்கு மாற்று தேடுகிற எல்லாருக்கும் இதே கதி நேர்ந்திருக்கலாம் என்று முடித்தார்.

பலத்த கைதட்டல். கேள்வி நேரத்தில் ஒரு பேட்டரிக்காரர் எழுந்து தன் சொந்த ஆராய்ச்சியை விரிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இன்னொருவர், எந்தக் கடைக் காபித்தூள் என்று கேட்டார். தலைவர் நன்றியுரையில், பிளாட்டினத்தை ஒழித்துக்கட்டிய மேடத்தை மனமாரப் பாராட்டினார்.

ஆனால் தூங்காதவர்களும் சிலர் இருந்திருக்க வேண்டும். வாழைத்தோல்காரர் மறுநாள் முதல் யாரிடமும் பேசவில்லை. முட்டை ஓட்டுக்காரர் போனில் குமிழி மேடத்தைப் பிடித்து, "இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் மேடம்" என்றார். ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் கிராஃபைட் குச்சி கேட்டால் இருப்பு இல்லை என்ற பதில் வர ஆரம்பித்தது. ஏன் திடீரென்று இத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று கடைக்காரருக்குப் புரியவில்லை. வாங்கியவர்கள் எவரும் காரணம் சொல்லவில்லை.

காபிச் சக்கையைப் பற்றிய கட்டுரையை அப்புறம் யாரும் சீண்டவில்லை. எதிர்ப்பக்கத்து மின்முனையில் கவனம் வேண்டும் என்று குமிழி மேடம் எழுதிய சின்னக் கட்டுரையைத்தான் ஊர் ஊராக மேற்கோள் காட்டினார்கள். அந்த உண்மை வெளிவந்ததே தன்னால்தான் என்று உணரிக்காரர் தேநீர் இடைவேளைகளில் சொல்லிவந்தார். கம்பியை எடுத்தது அவர்தான் என்பதால் யாராலும் மறுக்க முடியவில்லை.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் துணைத்தலைவர் பதவிக்கு ஆள் தேடினார்கள். வந்திருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். குமிழி மேடம் அன்று கூட்டத்துக்குப் போகாமல் ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தார். தப்பிக்க வழியில்லாமல் போட்டியின்றித் தேர்வானார். செய்தி சொல்லப் போன் செய்த செயலாளரிடம், எதிரே கிராஃபைட்டை வைத்த புதுத் தகட்டில் சின்னதாக ஒரு குமிழி வருகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.