எட்டாவது கைலி

வடிவம்மாள் துணியைக் கண்ணால் பார்த்து வாங்கியதே இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவாள். கடையில் என்றால் பரவாயில்லை. ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் படியில், முன்னால் ஏறிக்கொண்டிருந்தவரின் வேட்டி நுனியை எடுத்துக் கன்னத்தில் வைத்துவிட்டாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"நல்ல பருத்தி அண்ணே. கிழிஞ்சா தூக்கிப் போட்டுறாதீங்க, எனக்கு ஒரு போன் பண்ணுங்க," என்று நம்பரையும் கொடுத்தாள். கூட வந்த கணவர் பழனியப்பன், மிச்சப் படிகளை யாரோ எவரோ போல ஏறி முடித்தார்.

மாக் மண்டினில் ஒரு தையல் பட்டறையில் இருபத்தாறு வருஷம் துணி சோதிக்கும் வேலை பார்த்தவள் அவள். பட்டறை மூடிய பிறகு, ஜெலுத்தோங்கில் பத்து மாடி ஃப்ளாட்டின் நாலாவது மாடியில் உட்கார்ந்து ஒட்டுப் போர்வை தைக்க ஆரம்பித்தாள். மேலே வண்ணத் துண்டுகள், நடுவில் பஞ்சு, உடம்பில் படுகிற அடிப்பக்கத்துக்குப் பழைய கைலி. நைந்த இடங்களை வெட்டிக் கழித்ததில், முதல் போர்வைக்கே பழனியப்பனின் கைலிகள் அத்தனையும் போயின. அவர் அரைக்கால் சட்டைக்கு மாறிவிட்டார்.

அந்தப் போர்வை நூர் ஃபாத்திஹாவின் கைக்குப் போனது. ஆர்மேனியன் ஸ்திரீட் பக்கம் ஒரு பழைய கடைவீட்டில் விடுதி நடத்துகிறவள். அடிப்பக்கத்தைத் தடவியவள் கையை எடுக்கவில்லை.

"எட்டு ரூம் இருக்குக்கா. எட்டும் இதே மாதிரி வேணும். ஒண்ணு சொரசொரன்னு இருந்தாலும் எட்டையும் எடுக்க மாட்டேன். ஒருத்தன் தூங்கி இன்னொருத்தன் தூங்கலன்னா நான்தான்லா பதில் சொல்லணும். அஞ்சு மாசத்துல துணி பாக்க வரேன். பிடிச்சா தைங்க."

வடிவம்மாளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அது. ஆனால் பழைய கைலிக்கு எங்கே போவது? நல்ல பருத்தியாக எட்டுப் புதுக் கைலி வாங்கினாள். எட்டும் அட்டை மாதிரி விறைத்தன. ஊறவைத்தாள். வினிகர் ஊற்றினாள். மெஷினில் பதினைந்து முறை போட்டாள். சாயம் கொஞ்சம் வெளுத்தது, துணி இளகவில்லை. துணிக்குத் தண்ணீர் போதாது, மனுஷன் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. ஆட்களைக் கட்டவைத்து இளக்கப் போவதை ஃபாத்திஹாவிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

"யாரு கட்டினா என்னக்கா, கடைசியா சுடுதண்ணில அலசிடுங்க. 'எட்டு அண்ணன்மார் கட்டிப் பழக்கியது'ன்னு ரூம்ல எழுதியே மாட்டிடுறேன்," என்றாள் ஃபாத்திஹா.

வடிவம்மாள் முதல் கைலியைப் பழனியப்பனிடம் நீட்டினாள்.

"ஒரு தடவ பட்டது போதும்," என்றார் அவர்.

ஆகவே ஃப்ளாட்டில் மாடி மாடியாக ஏறி எட்டு ஆண்களைப் பிடித்தாள். சிகரெட் கூடாது, மோட்டார் சைக்கிள் துடைக்கக் கூடாது, வாரம் ஒரு தடவை துவைக்க வேண்டும், மற்றபடி உட்கார்ந்து படுத்துப் புரண்டு அனுபவிக்கலாம்.

ஆறாவது மாடிப் புவனேஸ்வரனுக்குப் பாயான் லெப்பாஸ் ஃபாக்டரியில் இரவு வேலை. பகலெல்லாம் அதே கைலியில் தூங்கி இரண்டே மாதத்தில் அதை வெண்ணெய் ஆக்கிவிட்டான். அப்துல் காதர் நாள் முழுக்கக் கேரம் ஆடுகிறவர். பின்பக்கம் மட்டும் இளகி, முன்பக்கம் விறைப்பாகவே இருந்தது.

"அண்ணே, முன்னால இருக்கறத பின்னால திருப்பிக் கட்டுங்க," என்றாள் வடிவம்மாள்.

"அஞ்சு பிள்ளை பெத்தவனுக்குக் கைலி கட்டச் சொல்லித் தர்றியேம்மா," என்று சொல்லிக்கொண்டே அவர் திருப்பிக் கட்டினார்.

நாலு மாதம் கழிந்ததும் ஒரு சுற்று பார்க்கக் கிளம்பினாள். ஏழு கைலி கன்னத்துக்கு இதமாக இருந்தன. எட்டாவது கைலி ஒன்பதாவது மாடியில் சிவகுருநாதனிடம் இருந்தது. எழுபத்தொரு வயது. கப்பல் கம்பெனியில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கசங்கிய துணியில் அவரை யாரும் கண்டதில்லை. கைலியை உள்ளேயிருந்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கடையில் வாங்கியதைவிட விறைப்பாக இருந்தது. மேசையில் வைத்தபோது டக் என்று சத்தம் கேட்டது.

"பிறத்தியார் பொருள், தங்கச்சி. வாங்கின மாதிரியே திருப்பிக் குடுக்க வேணும் இல்லையோ?" என்றார் பெருமையோடு.

வடிவம்மாளுக்கு அழுகை வந்தது. ஃபாத்திஹா வர ஒரு மாதம்தான் இருந்தது. இது ஒன்று தோற்றால் மற்ற ஏழும் வீண்.

"அண்ணே, இனிமே கஞ்சி வேணாம். இஸ்திரி வேணாம். இதக் கட்டிக்கிட்டுப் படுக்கணும்."

"இரவிலயும் கட்டித்தானே படுக்கிறன்."

"நீங்க படுக்கறது கைலிக்கே தெரியலண்ணே. மத்தியானமும் படுங்க."

"மத்தியானத்தில மனுசர் படுக்கிறதோ?" என்று கேட்டார். பிறகு, ஏற்றுக்கொண்ட வேலை என்பதால், இரண்டு மணி முதல் நாலு மணி வரை என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

முதல் வாரம் வடிவம்மாள் எட்டிப் பார்த்தபோது சாய்வு நாற்காலியில் ஸ்கேல் போலக் கிடந்தார். கண் திறந்திருந்தது.

"புரளுங்கண்ணே."

"எந்தப் பக்கம்?"

"உங்களுக்குப் பிடிச்ச பக்கம்."

அவர் யோசித்தார். அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவருக்குப் புதுத் தகவலாக இருந்தது.

மூன்றாவது வாரம் அவர் மனைவி ஞானாம்பிகை மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"வடிவு, இவருக்கு என்ன செய்து வச்சிருக்கிறாய்? நேற்றுக் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கும் போகேல்ல. கேட்டால், இன்னும் புரண்டு முடியேல்ல எண்டு சொல்றார்."

"தூங்குறாராக்கா?"

ஞானாம்பிகையின் குரல் இறங்கியது. "குறட்டை விடுறார். முப்பத்தெட்டு வருசத்தில இப்பதான் கேக்கிறன்."

சொன்ன நாளில் ஃபாத்திஹா வந்துவிட்டாள். ஏழு கைலிகளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து ஏழுக்கும் தலையசைத்தாள். எட்டாவதைப் பார்க்க இரண்டு பேரும் ஒன்பதாவது மாடிக்குப் போனார்கள். மணி மூன்று. எட்டாவது கைலி சிவகுருநாதனோடு சேர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"எழுப்பக் கூடாது. நாலு மணிக்குத்தான் முடியும்," என்று ஞானாம்பிகை சுவரில் இருந்த தாளைக் காட்டினார்.

ஃபாத்திஹா மெல்லக் குனிந்து, நாற்காலிக்கு வெளியே தொங்கிய நுனியைக் கன்னத்தில் வைத்தாள். கண்ணை மூடினாள். 

"இதான்க்கா எல்லாத்துலயும் நல்லது," என்றாள் ஃபாத்திஹா.

தேநீர் குடித்தபடி மூன்று பெண்களும் ஒரு மனிதர் தூங்கி முடிவதற்காகக் காத்திருந்தார்கள். நாலு மணிக்குக் கண் விழித்த சிவகுருநாதன், அவர்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"அஞ்சு நிமிசம். மாத்திக்கொண்டு வந்து தாறன்," என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. உள்ளே இஸ்திரிப் பலகை விரிக்கப்படும் கிறீச் சத்தம். அடுத்து, கஞ்சி ஸ்பிரே டின்னைக் குலுக்கும் சத்தம்.

வடிவம்மாள் கதவைத் தட்டினாள். "அண்ணே, அதக் கீழ வைங்க."

"இப்பிடிக் கசங்கினதை எப்பிடி வெளியாருக்குக் குடுக்கிறது? ஒரே ஒரு இழுப்பு, தங்கச்சி."

"ஒரு இழுப்பு இழுத்தா எட்டும் கேன்சல், அங்கிள்," என்றாள் ஃபாத்திஹா.

உள்ளே டின்னைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. கசங்கிய கைலி ஒரு கையோடு வெளியே வந்தது. வடிவம்மாள் அதைப் பிடுங்கி, வாசலிலேயே பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துப் பக்கவாட்டுத் தையலைச் சரசரவென்று பிரித்துப்போட்டாள். இனி அதை யாரும் கட்ட முடியாது, இஸ்திரி போட்டுத் திருப்பித் தரவும் முடியாது.

இஸ்திரி போட்ட கால்சட்டையில் சிவகுருநாதன் வெளியே வந்தார். பிரிந்து கிடந்த துணியைப் பார்த்தார், பிறகு சாய்வு நாற்காலியை.

"அப்ப நாளைக்கு ரெண்டு மணிக்கு நான் என்ன செய்யிறது?"

"பழையபடி கமிட்டிக்குப் போங்கோ," என்றார் ஞானாம்பிகை.

 சிவகுருநாதன், கால்சட்டையின் மடிப்பு கலைந்தாலும் பரவாயில்லை என்பது போல நாற்காலியில் சாய்ந்து, இடது பக்கமாகப் புரண்டு படுத்தார். வடிவம்மாள் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் துணியை அள்ளிக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.