அப்பாவின் பாட்டை வரைந்தேன்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் காலைப் பாண், பாட்டோடு வரும். ஆட்டோவின் பின்னால் கண்ணாடிப் பெட்டி கட்டி, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டபடி தெருத்தெருவாக ரொட்டி விற்பார்கள். என் ஊர்த் தூத்துக்குடிக்காரர்கள் உங்களிடம் சொன்னால் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து அந்தப் பாழாய்ப்போன மெட்டு என் தலைக்குள் குடியேறிவிட்டது. அப்பாவின் பாட்டுக்கு இடமில்லாமல் போய்விடுமோ என்று பயமாகிவிட்டது.

அப்பா வலை ஏற்றும்போது பாடுகிற பழைய பாட்டு அது. விடியற்காலையில் கடலுக்குப் போகிறவனைக் கரையில் நிற்கிறவள் வழியனுப்புவாள். எனக்கு அந்தப் பாட்டென்றால் உயிர். போன் போட்டுப் பாடச் சொல்லியிருக்கலாம், அழுதுவிடுவேன். அதனால் வரைந்தேன். கடலிலிருந்து எழும் சிவப்புச் சூரியன், ஒரு வள்ளம், கரையில் முதுகு காட்டி நிற்கும் பெண்.

என் மாமியார், இங்கே மாமி என்போம், நல்லவர், ஆனால் கறார். அவரைக் கேட்காமல் ஹாலில் ஓர் ஆணிகூட ஏறாது. இயேசுவின் திருஇருதயப் படமும், துறைமுகத்தில் வேலை பார்த்துக் காலமான மாமாவின் படமும் மட்டும்தான். என்னுடையது என்று ஒன்றாவது அந்தச் சுவரில் ஏறாதா என்று எனக்கு ஏக்கம். அதுவரை நான் விருந்தாளிதானே.

மாமி நான் வரைந்த படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

“பொழுதுபடுற நேரம். போட் திரும்பி வீட்டை வருது, என்ன? மாமாவும் ஹார்பரால இந்த நேரம்தான் வாறவர். நான் கேட்டடியில இப்பிடித்தான் நிப்பன்.” கண் கலங்கியிருந்தது. “சுத்தியலைக் கொண்டு வா பிள்ளை.”

கொழும்பில் சூரியன் கடலில் விழும், எழாது. இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், என் மண்டையில் ஏறவே இல்லை பாருங்கள்! வாயைத் திறந்தால் ஆணி போய்விடும். சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் வந்தார். பெருமை தாங்காமல் சுவரைக் காட்டினேன்.

“எம்மா, நம்ம கடல்ல விடியுறத அப்படியே வரைஞ்சிருக்கியே! என் பாட்டுல்லா இது!”

மாமி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். “இல்லை சம்பந்தி, இது எங்கட கடல். அவர் வேலை முடிஞ்சு வாறார்.”

“இல்லம்மா, அவன் இப்பத்தான போறான்” என்றார் அப்பா.

இரண்டு பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நான் படத்தைப் பார்த்தேன். வள்ளத்தைப் பக்கவாட்டில் வரைந்திருந்தேன். அது போகிறதா, வருகிறதா என்று வரைந்த எனக்கே சொல்லத் தெரியவில்லை.